பீலித் தண்ணியும் பரிசோதனைத் தாளும்

(ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற குடும்ப சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரை, வர முடியாமற் போனவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு, வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஆகவே நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

முதலில் எமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்திலே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மேட்டு லயத்துப் பீலியிலே தண்ணி கண்ணாடி மாதிரி விழுந்து கொண்டிருந்தது. கையேந்திக் குடித்தோம். சில்லென்று இருந்தது. "இந்த மாதிரித் தண்ணி கொழும்பிலே காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்று அங்கிருந்த தாய்மாரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றோட்டம். டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பார்கள், நிற்கும். திரும்பவும் வரும். "பல்லு முளைக்குது", "சூடு புடிச்சிருச்சு" என்று தாய்மார் காரணம் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். பிறகு ஒரு நாள் ஆபீசிலே ஆணியில் குத்தியிருந்த ஒரு தாளைப் பார்த்தோம். பீலித் தண்ணியின் பரிசோதனைத் தாள். வந்து பல மாதமாம். எல்லாம் இங்கிலீசிலே இருந்தது. மேலே உள்ள வரிகள் எல்லாம் சரி. கடைசி வரியிலே பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை இலக்கம் ஒன்று இருந்தது. அந்த ஒரு வரியின் அர்த்தம் தெரிந்திருந்தால் அத்தனை மாதமும் பிள்ளைகள் வாடியிருக்கத் தேவையில்லை. தாள் வந்தது, வாசிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே இன்றைக்கு அந்தத் தாளை வாசிக்கக் கற்றுக்கொள்வோம். அதில் வரும் சொற்கள் பத்துப் பதினைந்துதான். கொழுந்து நிறுவைக் கணக்கிலே அரைக் கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிற உங்களுக்கு இது பெரிய காரியமில்லை.

பீலித் தண்ணி எங்கேயிருந்து வருகிறது?

"மலையிலேருந்து வருது" என்று ஒரு தாத்தா சொல்கிறார். சரியான பதில். ஆனால் மலைக்குள்ளே அது எப்படிப் போனது?

மழை பெய்யும்போது ஒரு பங்கு தண்ணி கானிலே ஓடி ஓடையில் விழுகிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கி, மண்ணிலும் உக்கிய கல்லிலும் பாறை வெடிப்புகளிலும் தங்குகிறது. இதுதான் தரைக்கீழ் நீர். நிலத்தடி நீர் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான். கிணற்றில் இருப்பது மட்டும்தான் நிலத்தடி நீர் என்று எண்ண வேண்டாம். சரிவிலே அது தானாக வெளியே வந்தால் ஊற்று. அந்த ஊற்றுக்குக் குழாயோ மூங்கிலோ வைத்தால் பீலி. ஆகவே நாம் பீலியில் பிடிப்பதும் நிலத்தடி நீரே.

நீரைத் தேக்கி வைத்து, விட்டுக் கொடுக்கக்கூடிய மண்ணும் பாறையும் சேர்ந்த பகுதியை நீர்தாங்கு படை என்பார்கள். மலைக்குள்ளே பெரிய குளம் ஒன்று இருப்பதாக நினைக்க வேண்டாம். ஈரமான பஞ்சு மாதிரி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சு எந்த உயரம் வரை முழுசாக நனைந்திருக்கிறதோ, அந்த மட்டம்தான் நீர்ப்பீடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஏறும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது அது இறங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தரும் வாசம் அந்தக் காய்ந்த காற்றிலேதான் ஏறுகிறது. நம்ம பீலி நூலாய்ப் போவதும் அதே மாதங்களில்தான்.

இன்னுமொரு சொல் நீரேந்துப் பகுதி. எந்த நிலத்தில் விழும் மழை நம்ம ஊற்றுக்கு வந்து சேர்கிறதோ, அந்த நிலம். பெரும்பாலும் அது ஊற்றுக்கு மேலே உள்ள மலை. அங்கே காடு இருந்தால் மழை மெதுவாக இறங்கும். மொட்டையாக இருந்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போகும். அங்கே நாம் எதைப் போடுகிறோமோ, எதை அடிக்கிறோமோ, அது ஒரு நாள் பீலியில் வந்து நிற்கும்.

பக்கத்து ஊரில் நடந்தது

"தரைக்குள்ளே இருக்கிற தண்ணி யாருக்குத் தெரியும், அது எங்கே போகப் போகுது?" என்று கேட்கலாம். அது எப்படிப் போகும் என்பதற்குப் பண்டாரவளையே சாட்சி.

உமா ஓயாத் தண்ணீரை மலைக்குள்ளே சுரங்கம் குடைந்து கரந்தகொல்லப் பக்கம் கொண்டுபோய், மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாவில் விடும் திட்டம் உங்களுக்குத் தெரியும். சுரங்கம் சுமார் 15 கிலோமீற்றர் நீளம். 2014 டிசம்பரில் குடைந்துகொண்டிருந்த இடத்தில் பாறை வெடிப்பிலிருந்து தண்ணி பீறிட்டு உள்ளே பாய்ந்தது. அதன் பிறகு, மேலே தரையில் பண்டாரவளையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணறுகள் வற்றின. ஊற்றுகள் நின்றன. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பரம்பரையாகச் சொந்தக் கிணற்றில் அள்ளியவர்கள் பவுசர் வண்டிக்கு வாளியோடு காத்துநின்றார்கள். 2017 ஜூனில் ஆயிரக்கணக்கான மக்கள் பண்டாரவளையில் திரண்டு கேள்வி கேட்டார்கள். பின்னர் வேலை முடிந்து 2024 ஏப்ரலில் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. தரைக்குள்ளே உள்ள நீர் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தோண்டினாலும் இந்தப் பக்கம் இறங்கும். இந்தப் பாடத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மலையைச் சுரங்கம் பாதிக்கும் என்றால், ஊற்றுக்கு மேலே பத்தடி தள்ளிக் குடையும் கக்கூஸ் குழி பாதிக்காதா?

இனித் தாளைப் பார்ப்போம்

தாளிலே அடிக்கடி வரும் அளவு லீற்றருக்கு மில்லிகிராம். பயப்பட வேண்டாம். 5,000 லீற்றர் டேங்கி ஒன்றிலே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், உப்பைக் கரைத்தால் வருவது லீற்றருக்கு ஒரு மில்லிகிராம். அவ்வளவு சின்ன அளவு. இலங்கையின் குடிநீர்த் தரத்தை எஸ்.எல்.எஸ். 614 என்பார்கள். கீழே நாம் சொல்லும் எல்லைகள் அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளவை.

கலங்கல். தண்ணியிலே மிதக்கும் மண், தூசு, இலைத்துகள் காரணமாக ஏற்படும் மங்கல். என்.ரி.யு. என்று எழுதியிருக்கும். எல்லை 2. ஐந்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கலங்கலில் இரண்டு கேடு. கிருமிகள் மண்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். போடுகிற குளோரினும் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். ஆகவே கலங்கல் தண்ணியை முதலில் தெளிய வைத்து, துணியில் வடித்து, பிறகே கொதிக்க வைக்க வேண்டும்.

கலங்கல் இன்னொரு சேதியும் சொல்லும். அதைத் தாள் வரும் வரை காத்திருந்து பார்க்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நமது ஹல்துமுல்லைப் பிரதேசத்திலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை யாரும் மறக்க முடியாது. இங்கே இருப்பவர்களில் சிலருக்கு அங்கே சொந்தக்காரர் இருந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. அடைமழைக் காலத்திலே தெளிவாக வந்த பீலி திடீரென்று சேறாக வந்தால், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றால், அல்லது இதுவரை இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பினால், மலைக்குள்ளே மண் அசைகிறது என்று கொள்ளுங்கள். சாமான் எடுக்க நிற்காமல் பிள்ளைகளையும் வயசாளிகளையும் கூட்டிக்கொண்டு விலகுங்கள். பிறகு 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அறிவியுங்கள்.

பி.எச். இது புளிப்பா, காரமா என்று காட்டும் இலக்கம். 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். குடிநீர் 6.5இலிருந்து 8.5 வரை இருக்கலாம். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், 4.5இலிருந்து 5.5 வரை. ஆகவே நம்ம பக்கத்து ஊற்று நீர் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. புளிப்பு நீர் இரும்புக் குழாயை அரிக்கும். காலையில் முதல் வாளித் தண்ணி சிவப்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரும்பு. எல்லை 0.3 மில்லிகிராம். இதைச் சோதிக்க நம்ம வீட்டிலேயே கருவி இருக்கிறது. தேத்தண்ணி! இரும்பு கூடிய தண்ணியில் சாயம் ஊற்றினால் மை மாதிரிக் கறுத்துப் போகும். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை படியும். உடனே நோய் தராது. ஆனால் குழாயும் டேங்கியும் பழுது என்பதைச் சொல்லும்.

வன்மை. கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் அளவு. எல்லை 250. வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படியும். மலையிலே தண்ணி பாறையோடு கொஞ்சக் காலமே இருப்பதால் பொதுவாக மென்னீர்தான். கீழே வறண்ட சமவெளியில் தண்ணி பல காலம் பாறையோடு ஊறிக் கிடக்கும். அதனால் அங்கே வன்மையும் புளோரைட்டும் கூடும். புளோரைட்டின் எல்லை 1 மில்லிகிராம். கூடினால் பிள்ளைகளின் பல்லில் கறையும் குழியும் விழும். நமது மாவட்டத்திலேயே கிராந்துருகோட்டைப் பக்கம் சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. அதற்குக் காரணம் என்னவென்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. குடிநீரையும் அவர்கள் ஆராய்கிறார்கள். அந்தப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர் இருந்தால், கிணற்றுத் தண்ணியைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

நைத்திரேற்று. எல்லை 50. இது உரத்திலிருந்தும் கக்கூஸ் குழியிலிருந்தும் மாட்டுப் பட்டியிலிருந்தும் வரும். நிறமில்லை, மணமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இதுதான் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தி குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும். ஒன்றைக் கவனியுங்கள். நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி வற்றுவதால் கூடத்தான் செய்யும். தாய்ப்பால் கொடுக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை.

ஈ.கோலை. இதுதான் நாம் முதலில் சொன்ன அந்தக் கடைசி வரி. மனிதர், மிருகங்களின் குடலில் வாழும் கிருமி. அது தண்ணியில் இருந்தால் மலம் எங்கேயோ கலக்கிறது என்று அர்த்தம். அது வந்த வழியே நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வரலாம். எல்லை என்ன? 100 மில்லிலீற்றரில், அதாவது அரை டம்ளர் தண்ணியில், பூச்சியம். மற்ற வரிகளில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பேசித் தீர்க்கலாம். இந்த வரியில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

ஒரு அக்கா கேட்கிறாங்க: "எங்க ஆயா காலத்திலிருந்து இதைத்தானே குடிக்கிறோம்? ஒண்ணும் ஆகலையே?"

நல்ல கேள்வி. 1854இல் லண்டனில் புரோட் தெரு என்ற இடத்தில் ஒரு குழாய்க் கிணறு இருந்தது. அதன் தண்ணி ருசியானது என்று பெயர். அந்தத் தெருவை விட்டுத் தூரமாய்க் குடிபோன ஒரு அம்மா, ருசிக்காக அதே தண்ணியை வண்டியில் வரவழைத்துக் குடித்தார். அந்த வருடம் வாந்திபேதி பரவியபோது அவரும் இறந்தார். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிணற்றுத் தண்ணி குடித்தவர்கள் என்று காட்டினார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர் தெரிந்தது.

நமக்கு லண்டன் வரை போக வேண்டியதும் இல்லை. நமது முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தபோது எத்தனை பேர் வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தார்கள்! தாகத்துக்கு அகப்பட்ட தண்ணியைக் குடித்தவர்கள் அவர்கள். "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்ல அவர்கள் உயிரோடு மிஞ்சவில்லை. அக்கா, மிஞ்சியவர்களின் பிள்ளைகள்தான் நாம்.

இன்றைக்கு வாந்திபேதி இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டம் பிள்ளை சாப்பிட்டதை உடம்பில் ஒட்ட விடாது. 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியிலே நூற்றுக்கு 32 பேர். சாப்பாட்டுக் குறைவு, தாயின் உடல்நிலை என்று இதற்குப் பல காரணம் உண்டு. தண்ணியும் அதில் ஒன்று.

இனி என்ன செய்யலாம்?

ஊற்றிலே: ஊற்றுக்கண்ணை மூடிக் கட்ட வேண்டும். அதற்கு மேலே ஏழெட்டு மீற்றர் தள்ளி ஒரு குறுக்குக் கான் வெட்டினால் மழைத்தண்ணி உள்ளே வராமல் ஒதுங்கிப்போகும். சுற்றி வேலி போட்டு ஆடு மாட்டைத் தடுக்க வேண்டும். கக்கூஸ் குழி ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 30 மீற்றர், சுமார் 100 அடி, தள்ளி இருக்க வேண்டும். ஊற்றுக்கு மேல் சரிவில் குழி வேண்டவே வேண்டாம். மருந்தடிக்கும் தம்பிமார் டாங்கியைப் பீலியடியில் கழுவக் கூடாது. கழுவிய தண்ணி நம்ம பிள்ளைக்கும் போகும், ஓடை வழியே இறங்கிக் கீழ்நாட்டிலே இருப்பவன் பிள்ளைக்கும் போகும்.

டேங்கியிலே: மூடி வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும். குளோரின் போட்டால் அரை மணித்தியாலம் விட்ட பிறகே திறக்க வேண்டும். தாளில் எஞ்சிய குளோரின் என்று ஒரு வரி இருக்கும். கிருமியைக் கொன்ற பிறகும் காவலுக்கு மிஞ்சி நிற்கும் குளோரின் அது. நம்ம குழாயில் 0.2இலிருந்து 0.5 வரை இருந்தால் நல்லது. கொஞ்சம் வாசம் வரும். அந்த வாசம் காவல்காரன் முழிச்சிருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

வீட்டிலே: குடிக்கும் தண்ணி கொப்பளித்துக் கொதித்து, ஒரு முழு நிமிடம் கொதிக்க வேண்டும். ஆவி வந்ததும் இறக்கினால் போதாது. ஆறியதை மூடி வைத்து, கை விடாமல் அகப்பையால் எடுக்க வேண்டும். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலிலும் அந்தத் தண்ணியே போகட்டும். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிறோம், பிள்ளை விளையாடிவிட்டு வந்து குடிக்கும் தண்ணியை மட்டும் பச்சையாகக் கொடுக்கிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

தாளைக் கேட்டு வாங்குங்கள்

அந்தத் தோட்டத்தில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் லயத்து ஆட்களோடும் பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தோம். தேயிலைக்குள்ளே, ஊற்றுக்கு நேர் மேலே, புதிதாகத் தோண்டிய ஒரு குழி இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் தோண்டவில்லை. இடமில்லாத குறை. குழியை மூடினார்கள், மாற்றிடம் கிடைத்தது, ஊற்றுக்குக் கான் வெட்டினார்கள். அடுத்த தாள் வந்தபோது அதைத் தமிழில் எழுதி பிள்ளைக் காம்பராச் சுவரிலே ஒட்டினோம். கடைசி வரியில் பூச்சியம். அன்றைக்கு லயத்தில் ஒரு பாட்டி, "அந்த முட்டை எங்கே, காட்டு" என்று விரலால் தொட்டுப் பார்த்தார். எழுத்தறியாத அந்தப் பாட்டி வாசித்த வாசிப்புத்தான் இன்றைக்கு உங்களுக்கும் வேண்டும்.

ஆகவே மூன்று கேள்விகளை மனதில் வையுங்கள். எங்கள் பீலித் தண்ணியைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது? கடைசி வரியில் என்ன இருக்கிறது? ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது? முதல் இரண்டையும் ஆபீசிலும் பரிசோதகரிடமும் மரியாதையாக, ஆனால் பின்வாங்காமல் கேளுங்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை. சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் திகதியே தீர்மானித்துவிட்டது. மூன்றாவது கேள்விக்குப் பதில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து மேலே ஏறிப் பாருங்கள். கூப்பிட்டால் நாங்களும் வருகிறோம்.